பார்ட் மாற்றியதும் கம்ப்யூட்டர் கிளம்பவில்லையா? எங்கே நிற்கிறது என்று முதலில் பாருங்கள்

போன மாதம் ஒரு ராத்திரி 11.30 மணிக்கு அக்கா மகனிடமிருந்து போன். "மாமா, ஃபேன் சுத்துது, லைட் எல்லாம் எரியுது, டிஸ்ப்ளே மட்டும் வரல." என்னடா மாற்றினாய் என்று கேட்டால் கொஞ்ச நேரம் பதில் இல்லை. அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. பிராசஸரை மாற்றியிருக்கிறான், கிராபிக்ஸ் கார்டை மாற்றியிருக்கிறான், ஏற்கெனவே இருந்த இரண்டு ராமோடு இன்னும் இரண்டு ராம் சேர்த்திருக்கிறான். எல்லாம் ஒரே உட்காரலில். நடுவில் ஒரு தடவைகூட ஆன் செய்து பார்க்கவில்லை.

அவனுடையது 2019இல் வாங்கிய பி450 மதர்போர்டு. ரைசன் 5 2600 பிராசஸரும் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்டும் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தன. அந்த இடத்தில் ரைசன் 5 5600, ஆர்எக்ஸ் 6600 என்று புதிதாகப் போட்டிருக்கிறான். பொருட்களைத் தேர்ந்தெடுத்ததில் தப்பே இல்லை. ஆனால் மூன்றையும் சேர்த்து மாற்றினால் மூன்று கோளாறுகள் ஒன்றின் பின்னால் ஒன்றாக வரிசையில் நிற்கும். முதலாவதைச் சரிசெய்தாலும் திரையில் எந்த மாற்றமும் தெரியாது, ஏனென்றால் இரண்டாவது இன்னும் வழியை மறித்துக்கொண்டிருக்கும். உடனே நாம் "இது காரணமில்லை போல" என்று சரிசெய்ததையே திரும்பக் கலைத்துவிடுவோம். விடிய விடிய உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஸ்க்ரூ டிரைவரைக் கொஞ்சம் கீழே வையுங்கள்

பவர் பட்டனை அழுத்தியதிலிருந்து விண்டோஸ் வரும் வரை கம்ப்யூட்டர் ஒரு வரிசைப்படிதான் போகிறது. எஸ்எம்பிஎஸ் மின்சாரம் கொடுக்கும், பிராசஸர் விழித்துக்கொள்ளும், ராம் சரிபார்க்கப்படும், கிராபிக்ஸ் கார்டு திரையைக் கொண்டுவரும், மதர்போர்டுக்குள்ளேயே இருக்கும் பயாஸ் என்ற சின்ன மென்பொருள் ஒரு டிஸ்க்கைத் தேடிப் பிடித்து விண்டோஸிடம் ஒப்படைக்கும். எந்தப் படியில் நின்றது என்று தெரிந்தால் தேட வேண்டிய இடம் பாதிக்கு மேல் குறைந்துவிடும். அதனால் எதையும் கழற்றுவதற்கு முன் ஒரே ஒரு தடவை ஆன் செய்து, கையைக் கட்டிக்கொண்டு இரண்டு நிமிடம் சும்மா பாருங்கள். ஃபேன் சுற்றவே இல்லையா, சுற்றி நின்றுவிடுகிறதா, சுற்றிக்கொண்டே இருந்தும் திரை கறுப்பா, கம்பெனி லோகோ வந்து நிற்கிறதா, விண்டோஸ் கிளம்பி நீலத்திரையில் விழுகிறதா? போனில் படமெடுத்து வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது, பிறகு யாரிடமாவது கேட்க வேண்டியிருந்தால் உதவும்.

இன்னொன்று, கழற்றிய பழைய பார்ட்டை அன்றைக்கே விற்றுவிடாதீர்கள். புதியது ஒரு வாரம் ஓடட்டும். ஏன் என்று கீழே பிராசஸர் கதையில் வரும்.

மூச்சே இல்லை என்றால்

லைட் இல்லை, ஃபேன் இல்லை, சத்தம் இல்லை. இப்படி இருந்தால் பயப்பட வேண்டாம், பல சமயம் காரணம் அற்பமாகத்தான் இருக்கும். எஸ்எம்பிஎஸ் பின்பக்கத்து சுவிட்ச் ஆஃபில் இருக்கும். கேபினெட்டைப் பிரித்தபோது அணைத்தது, திரும்பப் போட மறந்திருப்பீர்கள். 24 பின் கனெக்டர் பாதிதான் உட்கார்ந்திருக்கும், அது கிளிப் விழும்வரை கொஞ்சம் பலமாகவே அழுத்த வேண்டிய சமாச்சாரம். கேபினெட் பவர் பட்டனிலிருந்து வரும் அந்தக் குட்டி ஒயர் ஒரு பின் தள்ளிச் செருகப்பட்டிருக்கும். இதைச் சோதிக்க, மேனுவலில் பவர் சுவிட்ச் என்று காட்டியிருக்கும் இரண்டு பின்னையும் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஒரு நொடி சேர்த்துத் தொடுங்கள். அதில் கிளம்பினால் கோளாறு பட்டன் ஒயரில்தான்.

அதிலும் கிளம்பவில்லை என்றால் எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியாகச் சோதிக்கலாம். எல்லா கனெக்டரையும் கழற்றிவிட்டு, மெயின் சுவிட்ச் ஆஃபில் இருக்கும்போதே 24 பின் கனெக்டரில் பச்சை ஒயரையும் பக்கத்துக் கறுப்பு ஒயரையும் ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்து, பிறகு ஆன் செய்தால் அதன் ஃபேன் சுற்ற வேண்டும். சில புது எஸ்எம்பிஎஸ்களில் சுமை இல்லாதபோது ஃபேன் சுற்றாது, அதனால் பழைய கேபினெட் ஃபேன் ஒன்றை அதில் மாட்டிவைத்துப் பாருங்கள். ஒயரெல்லாம் ஒரே கறுப்பாக இருந்தால் பின் வரிசை உறுதியாகத் தெரியாமல் இதைச் செய்ய வேண்டாம். எஸ்எம்பிஎஸ்ஸின் மூடியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள், ஒயரைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கப்பாசிட்டர்களில் மின்சாரம் தேங்கியிருக்கும்.

நீங்கள் மாற்றியதே எஸ்எம்பிஎஸ் என்றால் ஒரு எச்சரிக்கை. கழற்றி மாட்டும் கேபிள்கள் உள்ள மாடுலர் வகையில், பழையதன் கேபிளைப் புதியதில் செருகக் கூடாது. டிஸ்க் பக்கத்து முனை எல்லாவற்றிலும் ஒன்றுதான், ஆனால் எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனையில் எந்தப் பின்னில் எத்தனை வோல்ட் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களுக்குள்ளும் மாறும். அழகாகப் பொருந்தும், ஆன் செய்ததும் ஹார்ட் டிஸ்க் புகையும். கேபினெட்டுக்குள் பழைய கேபிள் ஒழுங்காக ஓடுகிறதே, எதற்குப் பிரிப்பானேன் என்று சோம்பல்பட்டு என் நண்பர் ஒருவர் பத்து வருடக் குடும்பப் படங்களை இழந்தார்.

கிளம்பி உடனே அணைந்தால்

ஒரு நொடி சுற்றி நிற்பது, திரும்பத் தானாகவே கிளம்புவது, மறுபடி நிற்பது. இதில் இரண்டு ரகம் உண்டு. பட்டனை அழுத்தியதும் 'டிக்' என்று கிளம்பி அதே வேகத்தில் செத்துவிட்டால் எங்கோ ஷார்ட் இருக்கலாம். மதர்போர்டையே மாற்றியவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அதன் அடியில் இருக்கும் பித்தளை ஸ்டாண்ட்ஆஃப்களை, அதாவது போர்டைத் தாங்கும் குட்டித் தூண்களை. பெரிய போர்டை எடுத்துவிட்டுச் சின்ன போர்டை வைத்தால், ஓட்டையே இல்லாத இடத்தில் ஒரு ஸ்டாண்ட்ஆஃப் எஞ்சியிருந்து போர்டின் பின்பக்க சால்டரை முட்டிக்கொண்டிருக்கும். கீழே விழுந்து உருண்டு போன ஸ்க்ரூ ஒன்றும் இந்த வேலையைச் செய்யும். சந்தேகமிருந்தால் போர்டை வெளியே எடுத்து, அது வந்த அட்டைப்பெட்டி மேல் வைத்து, பிராசஸர், கூலர், ஒரு ராம் மட்டும் மாட்டி ஆன் செய்து பாருங்கள். அங்கே ஓடி கேபினெட்டுக்குள் ஓடவில்லை என்றால் விடை கேபினெட்டில் இருக்கிறது.

இன்னொரு ரகம், பத்திருபது நொடி ஓடி அணைந்து திரும்பக் கிளம்புவது. இது பெரும்பாலும் ராம் சம்பந்தப்பட்டது, பல சமயம் கோளாறே இல்லை. புது ராம் போட்டதும் போர்டு அதற்கேற்ற நேரக்கணக்குகளைத் தானே முயன்று பார்த்துக் கற்றுக்கொள்ளும். டிடிஆர்5 போர்டுகளில் முதல் தடவை இதற்குப் பல நிமிடம்கூட ஆகலாம், அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும். பொறுமையில்லாமல் நடுவில் அணைத்தால் மறுபடி முதலிலிருந்து. ஆன் செய்துவிட்டு ஒரு டீ போட்டுக் குடித்துவிட்டு வாருங்கள். கால் மணி நேரம் கழித்தும் அதே நிலைமை என்றால்தான் கவலைப்பட வேண்டும்.

ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே இல்லை

அதிகம் பேர் வந்து நிற்கும் இடம் இதுதான், அக்கா மகனும் இங்கேதான் நின்றான்.

முதலில் கீபோர்டில் கேப்ஸ் லாக்கைத் தட்டிப் பாருங்கள். அதன் விளக்கு எரிந்து எரிந்து அணைந்தால் கம்ப்யூட்டர் உயிரோடுதான் இருக்கிறது, திரைக்கு மட்டும் படம் போகவில்லை. அப்படியென்றால் மானிட்டர் கேபிளைப் பாருங்கள். கிராபிக்ஸ் கார்டு போட்ட பிறகு கேபிளைக் கார்டில் செருக வேண்டும், மேலே இருக்கும் மதர்போர்டு சாக்கெட்டில் அல்ல. ரைசன் 5 5600 போன்றவற்றிலும், பெயரின் கடைசியில் 'எஃப்' என்று முடியும் இன்டெல் பிராசஸர்களிலும் உள்ளே கிராபிக்ஸே கிடையாது, மதர்போர்டில் எச்டிஎம்ஐ ஓட்டை இருந்தாலும் அது வெறும் ஓட்டைதான். மானிட்டரில் இன்புட் எதில் இருக்கிறது என்றும் பாருங்கள். டிஸ்ப்ளேபோர்ட்டில் வரவில்லை என்றால் எச்டிஎம்ஐ கேபிளில் ஒரு தடவை முயலுங்கள்.

அடுத்து கார்டுக்குத் தனி மின்சாரம். இவனுடைய பழைய 1050 டிஐ ஸ்லாட்டிலிருந்து வரும் மின்சாரத்திலேயே ஓடியது, தனி ஒயர் எதுவும் கிடையாது. அதனால் புதுக் கார்டின் தலையில் இருக்கும் 8 பின் சாக்கெட் அவன் கண்ணிலேயே படவில்லை. போனில் சொல்லி மாட்டச் சொன்னேன். மாட்டினான், டிஸ்ப்ளே வரவில்லை. "அப்ப அது இல்ல போல மாமா" என்று கழற்றப் போனான். நான் மேலே சொன்னேனே, இதுதான் அது. மாட்டியது மாட்டியபடி இருக்கட்டும் என்றேன்.

ஒயர் மாட்டும்போது ஒரு குழப்பம் வரும். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து இரண்டு வித 8 பின் வருகிறது. 4+4 என்று பிரிவது பிராசஸருக்கு, அதன் சாக்கெட் மதர்போர்டின் மேல் மூலையில் இருக்கும். 6+2 என்று பிரிவது கிராபிக்ஸ் கார்டுக்கு. இரண்டிலும் 12 வோல்ட்டும் எர்த்தும் எதிரெதிர்ப் பக்கம். பொருந்தாமல் இருக்க வடிவத்தை மாற்றித்தான் செய்திருக்கிறார்கள், ஆனால் முரட்டுத்தனமாக அழுத்துபவர்களை வடிவம் என்ன செய்யும். அந்த மேல் மூலை 8 பின்னை மாட்டவே மறந்தால் ஃபேன் எல்லாம் சுற்றும், பிராசஸர் மட்டும் எழுந்திருக்காது. பெரிய கூலருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் இடம் என்பதால் டார்ச் அடித்துப் பாருங்கள்.

இப்போது மதர்போர்டில் நான்கு குட்டி விளக்குகள் இருக்கிறதா என்று தேடுங்கள். சிபியு (பிராசஸர்), டிராம் (ராம்), விஜிஏ (கிராபிக்ஸ் கார்டு), பூட் (டிஸ்க்) என்று பக்கத்தில் எழுதியிருக்கும், பெரும்பாலும் 24 பின் கனெக்டர் ஓரத்தில் இருக்கும். ஆன் செய்ததும் ஒவ்வொன்றாக எரிந்து அணைந்து போகும், எது அணையாமல் நிற்கிறதோ அந்தப் படியில்தான் சிக்கல். மலிவான போர்டுகளில் இது இருக்காது. அப்போது மதர்போர்டில் செருகும் குட்டி ஸ்பீக்கர் ஒன்று வாங்கி மாட்டினால் பீப் சத்தமாகச் சொல்லும். எத்தனை பீப்புக்கு என்ன அர்த்தம் என்பது பயாஸ் கம்பெனியைப் பொறுத்தது, உங்கள் மேனுவலைத்தான் பார்க்க வேண்டும்.

டிராம் விளக்கு நின்றால் ராமைக் கழற்றி மாட்டுவோம். இதிலும் முறை இருக்கிறது. பின்பக்க சுவிட்சை அணைத்து, பவர் கேபிளைப் பிடுங்கி, கேபினெட் பவர் பட்டனைப் பதினைந்து நொடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வடியவிடுங்கள். எல்லா ராமையும் எடுத்துவிட்டு ஒன்றே ஒன்றை மட்டும், நான்கு ஸ்லாட் உள்ள போர்டு என்றால் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது ஸ்லாட்டில் போடுங்கள். பெரும்பாலான போர்டுகளில் ஏ2 என்று குறித்திருப்பது அதுதான். இரண்டு ராம் என்றால் இரண்டாவதும் நான்காவதும். அழுத்தும்போது 'க்ளிக்' கேட்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கொக்கி உள்ள போர்டுகளில் கொக்கி இல்லாத முனை அரைகுறையாக நிற்பது அடிக்கடி நடக்கிறது, அந்த முனையையும் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். பழைய ராம் என்றால் தங்கநிறப் பட்டைகளைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகள்களை ஊதிவிட்டு மாட்டலாம். நம்மூர் சர்வீஸ்காரர் ஒவ்வொருவரும் செய்யும் வைத்தியம் இது. நிஜமாகவே வேலை செய்யும், ஆனால் நேற்று பெட்டியிலிருந்து எடுத்த புது ராமைத் தேய்ப்பதில் பயனில்லை.

அப்புறம் சிமாஸ் ரீசெட், அதாவது பயாஸ் அமைப்புகளை ஆரம்ப நிலைக்குத் திருப்புவது. பழைய பார்ட்டுக்காகச் சேமித்த அமைப்புகளைப் புதியதன் மேல் திணிக்கப் பார்த்துப் பயாஸ் நின்றுவிடலாம், குறிப்பாக எக்ஸ்எம்பி போட்டு ராம் வேகத்தைக் கூட்டி வைத்திருந்தவர்களுக்கு. பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, காசு போல வட்டமாக இருக்கும் சிஆர்2032 பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் கழித்து மாட்டுங்கள். இதற்கென்று தனி ஜம்பர் பின்கள் இருந்தால் அவற்றைப் பத்து நொடி ஷார்ட் செய்தாலே போதும். ஒரு விஷயம், இதனால் பயாஸின் எல்லா அமைப்பும் போய்விடும். டிஸ்க் அமைப்பில் ஏஎச்சிஐ, ரெய்டு, விஎம்டி என்று எது இருந்தது, பழைய முறையில் பூட் ஆக உதவும் சிஎஸ்எம் போட்டிருந்ததா என்பதை நினைவிருந்தால் முன்பே குறித்து வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இவனுக்கு நின்றது சிபியு விளக்கு. அத்தோடு விஷயம் புரிந்துவிட்டது. ரைசன் 5000 வரிசை வந்ததே 2020 கடைசியில், இவனுடைய போர்டில் இருந்த பயாஸ் 2019ஆம் வருடத்துது. சாக்கெட் ஒன்றுதான், பிராசஸர் கச்சிதமாக உட்காரும், ஆனால் பயாஸுக்கு அது யாரென்றே தெரியாது. எந்த பிராசஸர் எந்த பயாஸ் பதிப்பிலிருந்து ஓடும் என்ற பட்டியல் மதர்போர்டு கம்பெனியின் தளத்தில் அந்தந்த மாடலின் பக்கத்திலேயே இருக்கும். வாங்குவதற்கு முன் ஐந்து நிமிடம் அதைப் பார்த்திருந்தால், 2600 மாட்டியிருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிட்டு நிம்மதியாகப் பிராசஸரை மாற்றியிருக்கலாம்.

இந்த நிலைமையில் இரண்டு வழி. போர்டில் பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டன் இருந்தால் பிராசஸரே இல்லாமல் புதுப்பிக்கலாம். ஃபேட்32 ஃபார்மட் செய்த பென்டிரைவில் பயாஸ் ஃபைலைப் போட்டு, மேனுவலில் சொன்ன பெயருக்கு மாற்றி, அதற்கென்று குறித்திருக்கும் யூஎஸ்பி ஓட்டையில் செருகிப் பட்டனை அழுத்த வேண்டும். 24 பின்னும் 8 பின்னும் மாட்டியிருந்தால் போதும். விளக்கு மின்னி நிற்கும்வரை தொடாதீர்கள். நடுவில் கரண்ட் போனால் போர்டே போய்விடலாம், யூபிஎஸ் இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம். இவனுடைய போர்டில் அந்தப் பட்டன் இல்லை. நல்லவேளையாகப் பழைய 2600 இன்னும் விற்காமல் மேசை மேல் கிடந்தது.

மறுநாள் காலையில் நானே போய் அதைத் திரும்ப மாட்டினேன். இவனுடையது போன்ற ஏஎம்4 சாக்கெட் பிராசஸரின் அடியில் 1331 பின்கள், கூலரைக் கழற்றும்போது இரண்டுக்கும் நடுவில் தடவிய பேஸ்ட் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தால் பிராசஸரும் கூடவே சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். இவன் முதல் நாள் கழற்றியபோது அப்படித்தான் வந்திருக்கிறது, சொல்லவில்லை. பார்த்தால் ஓரத்தில் இரண்டு பின் சாய்ந்திருந்தன. 0.5 மைக்ரோ பென்சிலில் லெட்டை எடுத்துவிட்டு, அந்த உலோக மூக்கைப் பின்னில் மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நேராக்கினேன். பிராசஸர் எடையைத் தவிர வேறு அழுத்தமே இல்லாமல் சாக்கெட்டில் தானாக இறங்கினால்தான் எல்லாப் பின்னும் நேர் என்று அர்த்தம். அடுத்த தடவை கழற்றுகிறவர்கள் முதலில் ஏதாவது கேம் ஒரு பத்து நிமிடம் ஓட்டிப் பேஸ்ட்டைச் சூடாக்கிவிட்டு, கூலரை மேலே இழுக்காமல் லேசாக இடமும் வலமும் திருகி எடுங்கள். பின்கள் சாக்கெட்டில் இருக்கும் இன்டெல் போர்டுகளிலும் ஏஎம்5 போர்டுகளிலும் வளைந்தால் வீட்டில் நேராக்கப் பார்க்காதீர்கள், அந்த மெல்லிய கம்பிகளில் கைவைத்து நான் ஒரு போர்டைத் தொலைத்திருக்கிறேன்.

2600, ஒரே ராம், பழைய கார்டு. கிளம்பியது. பயாஸைப் புதுப்பித்தோம். சில போர்டுகளில் நேராகக் கடைசிப் பதிப்புக்குத் தாவ முடியாது, நடுவில் ஒரு பதிப்பு போட்டுத்தான் போக வேண்டும். பதிவிறக்கப் பக்கத்தில் குறிப்பு இருக்கும், படியுங்கள். பிறகு 5600 மாட்டினோம், ஆன் செய்தோம், லோகோ வந்தது. அதன் பிறகுதான் ஆர்எக்ஸ் 6600. ஒவ்வொரு மாற்றத்துக்கும் நடுவில் ஒரு தடவை ஆன் செய்து பார்ப்பது சலிப்பாக இருக்கும், ஆனால் முதல் நாள் ராத்திரி போன ஐந்து மணி நேரத்தோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமேயில்லை.

விஜிஏ விளக்கு நிற்பவர்களுக்கு ஒரு குறிப்பு: கார்டை நிமிர்த்தி வைக்க நீட்டிப்பு ரைசர் கேபிள் பயன்படுத்துகிறீர்கள் என்றால் அதை எடுத்துவிட்டு நேராக ஸ்லாட்டில் மாட்டிப் பாருங்கள். பழைய பிசிஐஇ ஜென் 3 (மூன்றாம் தலைமுறை) ரைசரில் ஜென் 4 கார்டு பல சமயம் திரையே காட்டாது. பயாஸில் அந்த ஸ்லாட்டை ஜென் 3 என்று மாற்றினால் சரியாகிவிடும்.

லோகோ வருகிறது, விண்டோஸ் வரவில்லை

5600 மாட்டியதும் முதலில் ஒரு கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில், புது சிபியு மாட்டப்பட்டிருக்கிறது, எஃப்டிபிஎம்மை ரீசெட் செய்ய ஒய் அழுத்து, வேண்டாமென்றால் என் அழுத்து என்று வந்தது. இதைப் பார்த்ததும் ஒய்யைத் தட்டிவிடாதீர்கள். டிஸ்க் விண்டோஸின் பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் அதன் சாவி பிராசஸரோடு சேர்ந்த பாதுகாப்புப் பெட்டகமான எஃப்டிபிஎம்மில்தான் இருக்கிறது, ரீசெட் ஆனதும் 48 இலக்க மீட்பு எண் இல்லாமல் உள்ளே போக முடியாது. நான் பிட்லாக்கரே போடவில்லையே என்பவர்களும் கவனியுங்கள், மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நிறுவிய விண்டோஸ் 11 பல கம்ப்யூட்டர்களில் கேட்காமலேயே பூட்டிவிடுகிறது. அந்த எண் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று போனிலேயே பார்த்து எழுதிக்கொண்டு, பிறகு ஒய். பிராசஸரையோ மதர்போர்டையோ மாற்றுவதற்கு முன்பே பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவைப்பது இன்னும் சிறந்தது. இவனுடையது பூட்டு இல்லாத பழைய விண்டோஸ் 10, அதனால் ஒய் அழுத்தினோம்.

அடுத்த நொடி, பூட் ஆகும் டிஸ்க்கே இல்லை என்றது. எஸ்எஸ்டி அப்படியே இருக்கிறது, பயாஸ் பட்டியலிலும் தெரிகிறது. அவன் முகம் விழுந்துவிட்டது. காரணம் சின்னதுதான். விண்டோஸ் பழைய எம்பிஆர் முறையில் நிறுவப்பட்டிருந்தது, அதற்கு சிஎஸ்எம் ஆனில் இருக்க வேண்டும், பயாஸ் புதுப்பித்ததில் எல்லாம் புது அமைப்புக்குப் போய் சிஎஸ்எம் ஆஃப் ஆகிவிட்டது. சிஎஸ்எம்மை ஆன் செய்ததும் விண்டோஸ் வந்தது. நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால், முக்கியமான ஃபைல்களை நகலெடுத்துவிட்டு, 2017இலிருந்து விண்டோஸ் 10க்குள்ளேயே இருக்கும் எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவியால் டிஸ்க்கை ஜிபிடிக்கு மாற்றி, பிறகு சிஎஸ்எம்மை அணைக்கலாம். நாங்கள் அன்று மாலையே அதைச் செய்தோம்.

புது எஸ்எஸ்டி சேர்த்தவர்களுக்கு இந்தப் படியில் வேறு இரண்டு சிக்கல் வரும். பல போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டும் சில சாட்டா ஓட்டைகளும் ஒரே பாதையைப் பங்குபோட்டுக்கொள்கின்றன, எம்.2வில் ஒன்றைச் செருகியதும் அந்த சாட்டா ஓட்டை வேலை செய்யாது. பழைய டிஸ்க் காணாமல் போனால் கேபிளை அடுத்த ஓட்டைக்கு மாற்றுங்கள், எது எதோடு சேர்ந்தது என்று மேனுவலில் ஒரு அட்டவணை இருக்கும். இன்னொன்று கொஞ்சம் தந்திரமானது. இரண்டு டிஸ்க்கும் மாட்டியிருக்கும்போது புதியதில் விண்டோஸ் நிறுவினால், பூட் ஃபைல்கள் பழையதில் ஏற்கெனவே இருந்த குட்டிப் பார்ட்டிஷனிலேயே போய் உட்கார்ந்துவிடும். எல்லாம் நன்றாக ஓடும், பழையதைக் கழற்றும் நாள் வரை. அப்போது அதைத் திரும்ப மாட்டி, புதியதில் 100 எம்பி அளவில் ஒரு ஃபேட்32 பார்ட்டிஷன் உருவாக்கி, பிசிடிபூட் கட்டளையால் பூட் ஃபைல்களை அங்கே எழுத வேண்டும். அல்லது ஆரம்பத்திலேயே புது டிஸ்க்கை மட்டும் மாட்டிவைத்து நிறுவியிருக்க வேண்டும்.

லினக்ஸும் சேர்த்து வைத்திருப்பவர்களுக்குப் பயாஸ் புதுப்பித்ததும் பூட் பட்டியலிலிருந்து லினக்ஸைக் கிளப்பும் கிரப் காணாமல் போகலாம். லைவ் பென்டிரைவில் கிளம்பி அந்தப் பதிவைத் திரும்பச் சேர்த்தால் முடிந்தது.

நீலத்திரை

லோகோவுக்குக் கீழே புள்ளிகள் சுற்றிவிட்டு, பூட் சாதனத்தை அணுக முடியவில்லை என்று நீலத்திரை வந்தால், அதுவும் சிமாஸ் ரீசெட் அல்லது பயாஸ் புதுப்பித்தலுக்குப் பிறகு வந்தால், டிஸ்க் அமைப்பு மாறியிருக்கிறது. ரெய்டு அல்லது விஎம்டியில் நிறுவிய விண்டோஸ் திடீரென ஏஎச்சிஐயில் கிளம்பாது. குறித்து வைத்திருந்த பழைய அமைப்புக்கே திருப்புங்கள். எது என்று நினைவில்லையா, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம், டேட்டா அழியாது. ஆனால் ரெய்டு மெனுவுக்குள் போய் எதையும் புதிதாக உருவாக்கவோ அழிக்கவோ வேண்டாம். அமைப்பை மாற்றிய பிறகு விண்டோஸை ஒரு தடவை சேஃப் மோடில் கிளப்பினால் தேவையான டிரைவரை அதுவே ஏற்றிக்கொள்வதும் உண்டு.

ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பெயரில் நீலத்திரை வந்தால் ராம்தான் முதல் சந்தேகம். இவனுக்கும் கடைசியாக இது வந்தது. நான்கு ராமையும் போட்டு எக்ஸ்எம்பியில் 3200 வைத்ததும் அரை மணிக்கு ஒரு தடவை விழுந்தது. இரண்டு ஜோடியும் ஒரே வேகம் என்று பெட்டியில் எழுதியிருந்தாலும் உள்ளே சிப்புகள் வேறாக இருக்கும், நான்கையும் சேர்த்து ஓட்டுவது ராம் கன்ட்ரோலருக்குக் கூடுதல் சுமை. 2933க்கு இறக்கி, ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐ ராத்திரி முழுக்க ஓட்டினோம், காலையில் பிழை பூஜ்யம். கேம் ஓடும்போது மட்டும் மொத்தமாக அணைந்துவிட்டால் ராமை விட்டுவிட்டு யூபிஎஸ்ஸைப் பாருங்கள். 600 விஏ என்று எழுதியிருக்கும் சாதாரண யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும், புதுக் கார்டு வந்த பிறகு அது போதாமல் டிரிப் ஆகும்.

எதுவும் பலிக்கவில்லை என்றால்

ஒரே பிராசஸர், ஒரே ராம், கேபினெட்டுக்கு வெளியே, சிமாஸ் ரீசெட் செய்து, பழைய பார்ட்டுகளோடும் கிளம்பவில்லை என்றால் போர்டோ எஸ்எம்பிஎஸ்ஸோ போயிருக்கலாம். அதற்கு மாற்றிப் பார்க்க இன்னொரு செட் வேண்டும், வீட்டில் இருக்காது. சென்னை என்றால் ரிச்சி தெருவுக்கோ, எந்த ஊர் என்றாலும் தெரிந்த ஒரு கடைக்கோ கொண்டுபோக வேண்டியதுதான். போகும்போது கேபினெட்டை மட்டும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். கழற்றிய பழைய பார்ட்டுகள், மாடுலர் என்றால் எஸ்எம்பிஎஸ்ஸோடு வந்த கேபிள்கள், பில், எடுத்து வைத்த வீடியோ எல்லாம் கூடவே போகட்டும். எந்த விளக்கு நிற்கிறது, எதையெல்லாம் மாற்றிப் பார்த்தீர்கள் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். கடைக்காரர் அதே ரப்பர் வைத்தியத்திலிருந்து ஆரம்பித்து அதற்கு ஒரு கூலி வாங்காமல் இருப்பார்.